வட்டி ஏறியும் சந்தை ஏன் விழவில்லை?

2022 மே 4, புதன்கிழமை. எல்.ஐ.சி. பங்கு வெளியீடு அன்றுதான் தொடங்கியிருந்தது, எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. பிற்பகல் இரண்டு மணிக்கு, யாருமே எதிர்பார்க்காத வேளையில், ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆகிறது. சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 55,669-இல் முடிந்தது.

அன்று ராத்திரி சித்தப்பா ஃபோன் செய்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். சேமிப்பு முழுக்க எஃப்.டி.தான், ஆனால் பங்குச் சந்தைச் செய்தியை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விடாமல் பார்ப்பார். "ஏம்ப்பா, வட்டியை ஏத்தினா ஷேர் எதுக்கு விழணும்?" என்று கேட்டார். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். கடன் விலை ஏறுகிறது, கம்பெனிகளின் செலவு கூடுகிறது, ஜனங்கள் பங்கை விற்றுவிட்டு வங்கியில் போடுகிறார்கள், அதனால் சந்தை இறங்கும். அவருக்குத் திருப்தி.

வம்பு அதற்கப்புறம்தான் வந்தது. ரெப்போ படிப்படியாக ஏறி 2023 பிப்ரவரியில் 6.50-ஐத் தொட்டு, சரியாக இரண்டு வருடம் அங்கேயே நின்றது. சென்செக்ஸ் மட்டும் நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் 85,000-ஐத் தாண்டிப் போனது. "வாத்தியாருக்கே தப்பா பாடம் எடுத்துட்டியே" என்றார் சித்தப்பா.

தப்பாக எடுக்கவில்லை. பாதிப் பாடம் எடுத்தேன். மீதிப் பாதி இங்கே.

முதலில் ரெப்போ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கிற வட்டி அது. நாட்டில் உள்ள மற்ற வட்டிகளெல்லாம் ஏறக்குறைய இதன் பின்னால் வரும்.

ஒரு தென்னந்தோப்புக் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவெல்லாம் போக வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய் கையில் நிற்கும். என்ன விலை கொடுக்கலாம்?

வங்கி 5 சதவீத வட்டி தருகிற காலம் என்றால், 60 லட்சத்தை வங்கியில் போட்டால் அதே 3 லட்சம் வந்துவிடும். ஆக தோப்புக்கு 60 லட்சம் வரை கொடுக்கலாம். வங்கி வட்டி 7.5 சதவீதம் ஆகிவிட்டால்? 40 லட்சம் போட்டாலே 3 லட்சம் கிடைக்கும். அப்புறம் தோப்புக்கு எவன் 60 லட்சம் கொடுப்பான்? விலை 40 லட்சத்துக்கு இறங்கும். தோப்பில் ஒரு மரம்கூடச் சாகவில்லை, ஒரு காய்கூடக் குறையவில்லை. வட்டி மட்டும் மாறியது, இருபது லட்சம் காணாமல் போயிற்று. நான் சித்தப்பாவுக்குச் சொன்னது இதுதான், இதில் தவறே இல்லை.

ஆனால் வட்டி சும்மா ஏறாது. பெரும்பாலும் விலைவாசி ஏறும்போதுதான் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும். விலைவாசி ஏறுகிறது என்றால் தேங்காய் விலையும் ஏறுகிறது. 3 லட்சம் தந்த அதே தோப்பு இப்போது 5 லட்சம் தருகிறது என்று வையுங்கள். 7.5 சதவீத வட்டியில் 5 லட்சம் வேண்டுமானால் வங்கியில் ஏறக்குறைய 67 லட்சம் போட வேண்டும். அதாவது வட்டி ஒன்றரை மடங்கு ஆன பிறகும் தோப்பின் விலை பழைய 60 லட்சத்தைவிட அதிகம்.

தேங்காய் விலை விழலாம், வெள்ளை ஈ வரலாம், மழை பொய்க்கலாம் என்கிற பயம் தோப்பு வாங்குகிறவனுக்கு உண்டு. அதற்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பான். அதை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் விஷயம் மாறாது. ஒரு பக்கம் வட்டி இழுக்கிறது, மறுபக்கம் லாபம் இழுக்கிறது. கயிறு யார் பக்கம் போகிறதோ, விலையும் அந்தப் பக்கம் போகும்.

இது கற்பனைத் தோப்பு. நிஜச் சந்தையிலும் கணக்கு இப்படியே வந்ததா? வந்தது. பங்குச் சந்தையில் பி.இ. விகிதம் என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனி ஒரு ரூபாய் லாபம் ஈட்டினால், அதற்குச் சந்தை எத்தனை ரூபாய் விலை கொடுக்கிறது என்பதன் அளவு. 5 சதவீத வட்டிக் காலத்தில் தோப்பின் வருமானத்தைப் போல இருபது மடங்கு விலை கொடுத்தோம், 7.5 சதவீதத்தில் பதின்மூன்று மடங்குதான் கொடுத்தோம் அல்லவா, அதே கணக்கு.

2021 அக்டோபரில் ரெப்போ 4 சதவீதம். சென்செக்ஸ் மாதிரியே ஐம்பது பெரிய கம்பெனிகளை வைத்துக் கணக்கிடும் குறியீடான நிஃப்டி 18,477. அதன் பி.இ. 28-ஐ ஒட்டி இருந்தது. 2024 செப்டம்பரில் ரெப்போ 6.50. நிஃப்டி 26,216. பி.இ. 24-ஐ ஒட்டி. கவனித்தீர்களா? வட்டி தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. ஒரு ரூபாய் லாபத்துக்கு 28 ரூபாய் கொடுத்த சந்தையை 24 ரூபாய்க்கு இறக்கியிருக்கிறது. ஆனால் அதே மூன்று வருடத்தில் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கிற லாபம் 660-இலிருந்து 1,000-ஐத் தாண்டிவிட்டது. வகுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். சந்தை ஏறியது மட்டும் கண்ணில் படுகிறது, மடங்கு குறைந்தது படுவதில்லை.

6.50 உண்மையிலேயே உயர்ந்த வட்டியா?

இதை யாரும் கேட்பதில்லை. 2008 ஜூலையில் ரெப்போ 9 சதவீதம். 2014-இல் 8 சதவீதம். அந்தக் கணக்கில் 6.50 ஒன்றும் மலை இல்லை. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், 4 சதவீதத்துக்கு இறக்கினார்களே, அதுதான் வழக்கத்துக்கு மாறான பள்ளம். பள்ளத்திலிருந்து தரைக்கு வந்ததை நாம் மலையேற்றம் என்று நினைத்துக்கொண்டோம்.

விலைவாசியையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். உக்ரைன் போர் தொடங்கி எண்ணெய் விலை எகிறிய நேரம். விலைவாசி 7.79 ஏறும்போது 5 சதவீத எஃப்.டி. வட்டி வாங்குகிறவருக்கு உண்மையில் பணம் கரைகிறது. அப்புறம் எஃப்.டி. வட்டி 7 சதவீதத்தைத் தொட்டது, சரி. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அதில் கையில் நிற்பது 5 சதவீதம்கூட இல்லை. பணவீக்கம் 5, 6 என்று இருக்கும்போது அவர் பங்கை விற்றுவிட்டு வங்கி வாசலில் வந்து நிற்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். சித்தப்பாவுக்கு அந்த வரி இல்லை, அதனால் அவர் கணக்கு வேறு. அவர் 2023-இல் எஃப்.டி.யைப் புதுப்பித்தது சரியான முடிவுதான்.

முகூர்த்தமும் மல்லிகையும்

முகூர்த்த நாள் மல்லிகை விலை முகூர்த்தத்தன்று காலையில் ஏறுவதில்லை. தோவாளையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் முதல் நாளே ஏறி முடிந்திருக்கும். நாள் எது என்று பஞ்சாங்கத்தில் எல்லாருக்கும் தெரியுமே.

சந்தையும் இதைத்தான் செய்கிறது. ரெப்போ 4.90-இல் இருந்தபோதே, 2022 ஜூன் நடுவில், நிஃப்டி 15,300-ஐ ஒட்டித் தன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி இன்னும் நான்கு தடவை வட்டியை ஏற்றியது. நிஃப்டி அந்தப் பள்ளத்துக்குத் திரும்பவே இல்லை. ஏறப்போகிறது என்பது தெரிந்த விஷயம், எவ்வளவு ஏறும் என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம். தெரிந்த கெட்ட செய்தி விலையில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும். மே 4 அன்று சந்தை விழுந்ததற்குக் காரணம் 0.40 சதவீதம் என்ற அளவு இல்லை, அது சொல்லாமல் கொள்ளாமல் வந்ததுதான்.

ஆகவே வட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட, நினைத்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்குத்தான் சந்தை அசைகிறது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வட்டி ஏறினால் லாபம் கூடுகிறவர்கள்

நிஃப்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்கள். வட்டி ஏறினால் இவர்களுக்கு என்ன ஆகும்?

2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் தரப்படும் புதிய வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. ஆகவே ரெப்போ ஏறிய சில மாதங்களுக்குள் உங்கள் வீட்டுக் கடன் வட்டி ஏறிவிடும். இ.எம்.ஐ. கூடும், அல்லது தவணைக் காலம் சத்தமில்லாமல் நீளும். ஆனால் நீங்கள் 2021-இல் 5.1 சதவீதத்துக்குப் போட்ட எஃப்.டி. முதிர்கிற வரை அதே 5.1-தான். கடனுக்கு வட்டி உடனே ஏறுகிறது, வைப்புக்கு மெதுவாக ஏறுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி வங்கிக்கு லாபம். 2021-22 நிதியாண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் நிகர லாபம் 31,676 கோடி ரூபாய். இரண்டே வருடத்தில், 2023-24-இல், அது 61,077 கோடி. வாராக்கடன் குறைந்ததும் இதற்கு ஒரு பெரிய காரணம். 2018-இல் இந்திய வங்கிகளின் மொத்தக் கடனில் 11 சதவீதத்துக்கு மேல் வாராக்கடனாகக் கிடந்தது. 2024 மார்ச்சில் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இ.எம்.ஐ. கட்டுகிறவர்களுக்கு இதைப் படிக்க எரிச்சலாக இருக்கும். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, தெரியும்.

மற்ற கம்பெனிகளில் பெரியவை பலவும் அந்தச் சமயத்தில் கடன் சுமை குறைந்தே இருந்தன. பத்து வருடத்துக்கு முன் கண்டபடி கடன் வாங்கி மின்சாரம், இரும்பு, சாலை என்று இறங்கி மூழ்கியவர்களைப் பார்த்துவிட்ட பயம். போதாததற்கு 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 30-இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். கடனே வாங்காதவனுக்கு வட்டி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அரசாங்கமும் செலவை நிறுத்தவில்லை. 2021-22 பட்ஜெட்டில் மூலதனச் செலவு 5.54 லட்சம் கோடி. 2023-24-இல் 10 லட்சம் கோடி. ரயில், சாலை, பாதுகாப்புத் தளவாடம் என்று போன அந்தப் பணம் வட்டியைப் பார்த்துத் தயங்குகிற பணம் இல்லை.

மாதம் பிறந்தால் வரும் பணம்

2022-இல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளில் ஏறக்குறைய 1.2 லட்சம் கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். அமெரிக்காவிலேயே நல்ல வட்டி கிடைக்கும்போது இங்கே எதற்கு என்ற கணக்கு. 2008-இல் அவர்கள் விற்றபோது சந்தை பாதிக்குமேல் சரிந்தது. 2022-இல்? வருட முடிவில் நிஃப்டி 4 சதவீதம் ஏறியிருந்தது.

வித்தியாசம் எஸ்.ஐ.பி. மாதாமாதம் சம்பளம் வந்ததும் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ தானாகவே மியூச்சுவல் ஃபண்டுக்குப் போய்விடுகிற ஏற்பாடு. 2022 நடுவில் மாதம் 12,000 கோடியாக இருந்த இந்தப் பணம், 2024 அக்டோபரில் மாதம் 25,000 கோடியைத் தாண்டியது. 2020 மார்ச்சில் நாட்டில் 4 கோடி டீமேட் கணக்குகள் (பங்குகளை வைத்திருப்பதற்கான கணக்கு) இருந்தன, நான்கு வருடத்தில் 15 கோடி. இந்தப் பணம் ரெப்போவைப் பார்த்து வருவதில்லை. தேதியைப் பார்த்து வருகிறது.

இதை எல்லாரும் பலம் என்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. விலை கேட்காமல் வாங்குகிற ஆள் சந்தைக்குத் தினமும் வந்தால், கத்திரிக்காய்க்காரர்கூட விலையை ஏற்றிச் சொல்லுவார். 2024-இல் சின்னக் கம்பெனிகள் சிலவற்றின் விலை அப்படித்தான் ஏறியது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் நடந்தது

அங்கே கதை இன்னும் வேகம். அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ஐநூறு பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 2022-இல் 19 சதவீதம் விழுந்தது. அதாவது பாடம் அங்கேயும் முதலில் பலித்தது. அதன் பிறகு 2023-இல் 24 சதவீதம், 2024-இல் 23 சதவீதம் ஏறியது. வட்டி பூஜ்யமாக இருந்தபோது தொட்ட பழைய உச்சத்தை, வட்டி ஐந்தரையை ஒட்டி இருந்த 2024 ஜனவரியில் தாண்டிவிட்டது.

காரணங்களில் ஒன்று நம் ஊரில் இல்லாதது. அங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் 30 வருடத்துக்கும் ஒரே வட்டி. 2021-இல் 3 சதவீதத்துக்குக் கடன் வாங்கியவருக்கு, 2023 அக்டோபரில் புதுக் கடன் வட்டி 8 சதவீதத்தை நெருங்கியபோதும், மாதத் தவணை ஒரு டாலர்கூட ஏறவில்லை. அவர் பாட்டுக்குச் செலவு செய்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனிகளும் வட்டி மலிவாக இருந்தபோதே நீண்ட காலக் கடன் பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டிவிட்டன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் கையில் 100 பில்லியன் டாலருக்கு மேல் ரொக்கமும் அதற்கு நிகரான முதலீடும் இருந்தது. அரசுப் பத்திரம் 5 சதவீதம் தருகிற காலத்தில், அப்படிப்பட்டவருக்கு வட்டி ஏற்றம் என்பது வருமான ஏற்றம்.

அப்புறம் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2023-இல் என்விடியா பங்கு மூன்று மடங்குக்கு மேல் ஆனது. ஏழெட்டுப் பெரிய கம்பெனிகள் மொத்தக் குறியீட்டையும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடின. ஐநூறு கம்பெனிக்கும் சமமாக எடை கொடுத்துக் கணக்கிட்டால் அந்த வருட ஏற்றம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஆக "சந்தை ஏறியது" என்ற வாக்கியத்துக்குள் ஏறாத கம்பெனிகளும் நிறைய இருந்தன. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்ததும் இதே வட்டி ஏற்றத்தால்தான். குறைந்த வட்டிக் காலத்தில் வாங்கிவைத்த நீண்ட காலப் பத்திரங்களின் விலை, நம் தென்னந்தோப்பு 60 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆன மாதிரி இறங்கிப்போயிற்று. அங்கே தேங்காய் விலையும் ஏறவில்லை, ஏனென்றால் பத்திரம் தரும் தொகை கடைசி வரை ஒன்றேதான்.

பாடம் அப்படியே பலிக்கும் இடங்கள்

லாபம் வெகு தூரத்தில் இருக்கிற கம்பெனிகளில் வட்டி கடுமையாக அடிக்கும். பத்து வருடம் கழித்து வரப்போகும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு, 6 சதவீத வட்டியில் 56 ரூபாய். 9 சதவீதத்தில் 42 ரூபாய்தான். 2021 ஜூலையில் 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட ஸொமாட்டோ பங்கு, 2022 ஜூலையில் 50 ரூபாய்க்கும் கீழே போனதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 2022-இல் மூன்றில் ஒரு பங்கு விழுந்ததும் இதனால்தான்.

இன்னொரு இடம் இலங்கை. 2022 ஏப்ரலில் அங்கே மத்திய வங்கி ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் வட்டியை ஏற்றியது. அந்த வருடமே திறைசேரி உண்டியல்கள், அதாவது அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள், 30 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தன. அரசாங்கத்திடம் போட்டாலே நூற்றுக்கு முப்பது கிடைக்கும்போது கொழும்புப் பங்குச் சந்தைக்கு யார் வருவார்கள்? அதன் முதன்மைக் குறியீடு அந்த வருடம் 30 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, வெளிநாட்டுக் கடனைக் கட்ட டாலர் இல்லை, கம்பெனி லாபமும் ஆட்டம் கண்டிருந்தது. கயிற்றின் இரண்டு முனையும் ஒரே பக்கம் இழுபட்டது. 2023 நடுவிலிருந்து அங்கே வட்டி இறங்கத் தொடங்கியதும் சந்தை ஏறத் தொடங்கியது.

வட்டி ஏறும்போது சந்தையும் ஏறியது இந்த ஒருமுறைதான் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் 6 சதவீதமாக இருந்த ரெப்போ 2007-இல் 7.75 ஆனது. அதே காலத்தில் 5,000-க்கும் கீழே இருந்த சென்செக்ஸ் 20,000-ஐத் தொட்டது. தலைகீழாகவும் நடக்கும். 2001-இல் பெடரல் ரிசர்வ் பதினொரு தடவை வட்டியைக் குறைத்தது, அந்த வருடம் எஸ் அண்ட் பி 13 சதவீதம் இறங்கியது. 2007 செப்டம்பரில் 5.25-இலிருந்து குறைக்க ஆரம்பித்துப் பூஜ்யம் வரை போனார்கள், சந்தை பாதிக்குமேல் கரைந்தது. டாக்டர் மருந்தை வேகவேகமாக மாற்றுகிறார் என்றால் நோயாளி நிலைமை என்னவாக இருக்கும்? பொருளாதாரம் படுத்துக்கொண்டிருப்பதால்தான் அந்த அவசரக் குறைப்பு, படுத்துக்கொண்ட பொருளாதாரத்தில் லாபம் எங்கிருந்து வரும்?

2025 பிப்ரவரி 7-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.25-ஆகக் குறைத்தது. ஏறக்குறைய ஐந்து வருடத்தில் முதல் குறைப்பு. கம்பெனிகளின் லாப வளர்ச்சி அதற்குள் மந்தமாகியிருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள், அமெரிக்க இறக்குமதி வரி பற்றிய கலக்கம் வேறு. அந்த மாதத்தில் நிஃப்டி 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. மாதக் கடைசியில் சித்தப்பா ஃபோன் செய்தார்.

"ஏம்ப்பா, வட்டியைக் குறைச்சா ஷேர் எதுக்கு விழணும்?"